நெவாடா: கடலைச் சேராத ஆறுகளின் மாநிலம்

அமெரிக்காவின் மேற்கே இருக்கும் நெவாடா மாநிலத்தின் பெயரைக் கேட்டதும் பெரும்பாலோருக்கு லாஸ் வேகாஸ் மட்டும்தான் நினைவுக்கு வரும். அதில் நியாயமும் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் லாஸ் வேகாஸும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிளார்க் கவுன்டியில் வாழ்கிறார்கள். ஆனால் நெவாடாவின் பரப்பளவு ஏறத்தாழ 2,86,000 சதுர கிலோமீட்டர். அமெரிக்காவின் ஏழாவது பெரிய மாநிலம் அது. ஆள் நடமாட்டம் குறைந்த அந்த மீதி நிலத்தில்தான் வரலாற்றின் பெரும்பகுதி நடந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒவ்வொருவரும் அதை யாருக்கும் உதவாத வெற்று நிலம் என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவு எப்படித் தவறாயிற்று, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால் நெவாடாவின் கதை தெளிவாகும்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கலிபோர்னியாவைக் கடந்து சியரா நெவாடா மலைத்தொடரில் ஏறுகிறது. ஏறும்போதே குளிர்ந்து, மழையாகவும் பனியாகவும் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்றில் சொல்லும்படியான ஈரம் இருப்பதில்லை. அந்த மழை மறைவுப் பகுதியில் இருப்பதுதான் நெவாடா. அமெரிக்க மாநிலங்களில் மிகக் குறைவாக மழை பெறுவது இதுவே. மாநிலம் முழுவதற்குமான ஆண்டுச் சராசரி சுமார் 250 மில்லிமீட்டர். லாஸ் வேகாஸில் 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது.

பாலைவனம் என்றதும் மணல்மேடுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். நெவாடாவில் 300க்கும் மேற்பட்ட மலைத்தொடர்கள் உண்டு. பெரும்பாலும் வடக்கு தெற்காக நீளும் அவற்றுக்கு இடையில் அகன்ற சமவெளிகள் கிடக்கின்றன. பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டுப் பிளந்து, சில பாளங்கள் உயர்ந்தும் சில தாழ்ந்தும் போனதால் உருவான அமைப்பு இது. சமவெளியில் சேஜ் என்னும் சாம்பல் நிறப் புதர், மலைச்சரிவில் பின்யன் பைன் மரம், உச்சிகளில் சில ஆயிரம் ஆண்டுகள் வாழும் பிரிசில்கோன் பைன். 1964இல் வீலர் சிகரத்தின் சரிவில் ஆய்வுக்காக ஒரு பிரிசில்கோன் மரத்தை வெட்டி வளையங்களை எண்ணினார்கள். 4,800க்கும் மேல் இருந்தன. வெட்டிய பிறகுதான் அதன் வயது தெரிந்தது.

இந்த நிலத்தின் மிகப் பெரிய விசேஷம் அதன் ஆறுகள். மாநிலத்தின் பெரும்பகுதி 'கிரேட் பேசின்' எனப்படும் வடிநிலத்தில் இருக்கிறது. 1843-44இல் இங்கே பயணம் செய்த ஜான் ஃப்ரீமான்ட் என்ற ராணுவ அதிகாரி, இங்குள்ள ஆறுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை என்று உறுதிப்படுத்தி அந்தப் பெயரைக் கொடுத்தார். ஹம்போல்ட் ஆறு வடக்கு நெவாடா முழுவதையும் கடந்து வந்து, ஒரு சதுப்புப் பள்ளத்தில் பரவி ஆவியாகிவிடுகிறது. டிரக்கி ஆறு தாஹோ ஏரியில் புறப்பட்டு, சுமார் 190 கிலோமீட்டர் ஓடி, பிரமிட் ஏரியில் முடிகிறது. வெளியேற வழியில்லாத நீர் என்பதால் மேலே யார் எவ்வளவு எடுத்தாலும் அது கீழே உள்ள ஏரியில் அப்படியே குறையும். அடுத்து வருபவற்றைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தை அறிந்தவர்கள்

பிரமிட் ஏரிக்கு அருகில் வின்னமுக்கா ஏரி என்று ஒன்று இருந்தது. அதன் கரைப் பாறைகளில் ஆழமாகச் செதுக்கப்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. அவற்றின் வயது 10,500 ஆண்டுகளுக்கும் 14,800 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று 2013இல் வெளியான ஆய்வு கணித்தது. வட அமெரிக்காவில் இதுவரை காலம் கணிக்கப்பட்ட பாறைச் செதுக்கல்களில் இவையே மிகப் பழையவை. லவ்லாக் குகையில் கோரையால் முடைந்த வாத்து உருவங்கள் கிடைத்தன. உண்மையான வாத்துகளை ஏமாற்றி இறங்கவைக்க வேட்டைக்காரர்கள் செய்து வைத்தவை. வயது சுமார் 2,000 ஆண்டுகள்.

ஐரோப்பியர் வந்தபோது நான்கு மக்கள் கூட்டத்தார் இங்கே வாழ்ந்தார்கள்: வடக்குப் பையூட், தெற்குப் பையூட், மேற்கு ஷோஷோனி, வாஷோ. ஒரே இடத்தில் ஆண்டு முழுக்கச் சாப்பாடு கிடைக்காத நாடு என்பதால் பருவத்துக்கேற்ப இடம் மாறினார்கள். வசந்தத்தில் ஏரிக்கரையில் மீன், இலையுதிர்காலத்தில் மலையில் பைன் கொட்டை, பிறகு ஊரே கூடி நடத்தும் முயல் வேட்டை. பைன் கொட்டையை வறுத்து, மாவாக்கிச் சேமித்துக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். குயி-உயி என்ற மீன் உலகில் பிரமிட் ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லை. ஏரிக்கரைப் பையூட் மக்கள் தங்களை அந்த மீனை உண்பவர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் என்ன கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்று வைத்திருந்தவர்கள் இவர்கள். அந்த அறிவை வந்தவர்கள் கவனிக்கவே இல்லை என்பது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

காகிதத்தில் இந்த நிலம் முதலில் ஸ்பெயினுடையது, 1821 முதல் மெக்சிகோவுடையது. இரண்டு நாடுகளும் இங்கே குடியேறவில்லை. 1848இல் போரில் தோற்ற மெக்சிகோ கையெழுத்திட்ட உடன்படிக்கையால் இது அமெரிக்காவுக்குப் போனது. மறு ஆண்டே கலிபோர்னியாவைத் தேடித் தங்க வேட்டைக்காரர்கள் புறப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் ஹம்போல்ட் ஆற்றையே பிடித்துக்கொண்டு வந்தன. ஆறு காணாமல் போகும் இடத்திலிருந்து அடுத்த ஆற்றுக்கு 40 மைல் தண்ணீரற்ற தரை. அங்கே மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவர்களைப் பொறுத்தவரை நெவாடா எப்படியாவது கடந்தாக வேண்டிய இடம். ஆனால் ஆற்றோரப் புல்லையெல்லாம் அவர்களுடைய கால்நடைகள் மேய்ந்து தீர்த்ததால், புல்விதையை நம்பி வாழ்ந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

வெள்ளி, போர், ஒரு நீண்ட தந்தி

எல்லாவற்றையும் மாற்றிய ஆண்டு 1859. இன்றைய வர்ஜினியா சிட்டி இருக்கும் மலையில் சிலர் தங்கம் அரித்துக்கொண்டிருந்தார்கள். நீலங்கலந்த கரிய சேறு ஒன்று சல்லடையை அடைத்துத் தொல்லை தந்தது. அதை வாரி ஓரமாக எறிந்தார்கள். யாரோ அந்தச் சேற்றைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, அது செறிவான வெள்ளித் தாது என்று தெரிந்தது. அந்தத் தாதுப் படிவத்துக்கு காம்ஸ்டாக் என்று பெயர் நிலைத்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர்களின் பெயரன்று அது. உரிமை கோரி இடையில் நுழைந்த ஹென்றி காம்ஸ்டாக்கின் பெயர்.

சில ஆண்டுகளில் அந்த மலைமேல் ஒரு நகரமே எழுந்தது. தாது அகலமாகவும் மண் இளகலாகவும் இருந்ததால் சுரங்கங்கள் சரிந்துகொண்டே இருந்தன. ஃபிலிப் டீடஸ்ஹைமர் என்ற பொறியாளர் 1860இல் தடித்த மரக்கட்டைகளைச் சதுரக் கூண்டுகளாக அடுக்கித் தாங்கவைக்கும் முறையை வகுத்தார். அதற்கான மரங்கள் தாஹோ ஏரியைச் சுற்றியிருந்த காடுகளிலிருந்து வந்தன. ஒரு பெரிய காடு பூமிக்குள் இறங்கிவிட்டது என்றே சொல்லலாம். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசம் ஆயிரக்கணக்கான டன் கணக்கில் கார்சன் ஆற்றில் கலந்தது. அந்த நச்சு இன்னும் ஆற்றுப்படுகையில் இருக்கிறது. சுரங்க ஊர்களின் அடுப்புக்கரிக்காகப் பின்யன் மரங்களும் வெட்டப்பட்டன. அது பூர்வகுடிகளின் குளிர்கால உணவையே வெட்டியதற்குச் சமம்.

1860 மே மாதம் பையூட் சிறுமிகள் இருவரை வணிகச் சாவடி ஒன்றில் கடத்தி வைத்திருந்தது தெரிந்து, பையூட் வீரர்கள் அந்தச் சாவடியைத் தாக்கினார்கள். பழிவாங்கக் கிளம்பிய நூற்றுச் சொச்சம் வெள்ளையர்கள் பிரமிட் ஏரிக்கருகில் வளைத்துப் பிடிக்கப்பட்டு, எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் பெரும் படை வந்தது. பையூட் மக்கள் பின்வாங்கினார்கள். அந்தக் காலத்தைச் சிறுமியாகவும் இளம்பெண்ணாகவும் கண்ட சாரா வின்னமுக்கா, தம் மக்களுக்கு நடந்ததை 1883இல் ஆங்கிலத்தில் தன்வரலாறாக எழுதினார். அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் தன்வரலாறாக அது கருதப்படுகிறது. இன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நெவாடாவின் சார்பாக நிற்கும் இரண்டு சிலைகளில் ஒன்று அவருடையது.

1861இல் யூட்டா ஆட்சிப்பகுதியிலிருந்து (மாநிலத் தகுதி இன்னும் பெறாத பகுதி) நெவாடா தனியாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த மாதமே அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1864 அக்டோபர் 31 அன்று, நெவாடா 36ஆவது மாநிலம் ஆகிவிட்டது. இந்த அவசரத்துக்குக் காரணம் போருக்குத் தேவைப்பட்ட வெள்ளி என்று பலர் எழுதுவார்கள். அந்த விளக்கம் சரியாக வரவில்லை. ஆட்சிப்பகுதியாக இருந்தபோதே அந்த வெள்ளி அதிபர் லிங்கனின் வடக்குத் தரப்பின் கையில்தான் இருந்தது. லிங்கன் தரப்புக்கு வேண்டியிருந்தவை வாக்குகள். நவம்பர் 8 அன்று அதிபர் தேர்தல். அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தத்துக்கும் ஆதரவான மாநிலங்கள் தேவைப்பட்டன. தபாலில் அனுப்பிய அரசியல் சட்டப் பிரதிகள் வாஷிங்டன் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும், 16,000 சொற்களைத் தாண்டிய முழு அரசியல் சட்டத்தையும் கார்சன் சிட்டியிலிருந்து தந்தியில் அடித்தார்கள். செலவு 4,300 டாலருக்கு மேல். இன்றும் மாநிலக் கொடியில் 'போரில் பிறந்தது' என்ற பொருள்படும் வாசகம் இருக்கிறது.

இந்தப் பிறப்பில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருந்தன. ஒன்று, யாருக்கும் பட்டா ஆகாத நிலத்தின் மீது மாநிலம் எந்த உரிமையும் கோராது என்று எழுதிக் கொடுத்தது. அதனால்தான் இன்றும் நெவாடாவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசினுடையது. மற்றொன்று, ஓராண்டு முன்பு, 1863இல், மேற்கு ஷோஷோனி மக்களோடு அமெரிக்கா ரூபி பள்ளத்தாக்கில் செய்துகொண்ட உடன்படிக்கை. அதில் அவர்கள் பாதை, சுரங்கம், ரயில் ஆகியவற்றுக்கு அனுமதி தந்தார்கள். நிலத்தை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரியும் இல்லை. அந்த நிலம் காலப்போக்கில் கைமாறிவிட்டதாகப் பிற்காலத்தில் அரசுத் தரப்பு முடிவு செய்து, 1979இல் 2.6 கோடி டாலர் இழப்பீடு ஒதுக்கியது. விற்காத நிலத்துக்குப் பணம் எதற்கு என்று ஷோஷோனி தலைவர்கள் அதை வாங்க மறுத்தார்கள்.

வெள்ளி தீர்ந்ததும் மாநிலமும் தேய்ந்தது. 1880இல் 62,266 பேர். 1900இல் 42,335 பேர். இதை ஒரு மாநிலமாக வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று கிழக்கே சிலர் வெளிப்படையாகக் கேட்டார்கள்.

ஓர் ஏரி வற்றிய கதை

பிழைக்க ஒரு வழியாக விவசாயத்தை நம்பினார் நெவாடாவின் அரசியல்வாதி ஃபிரான்சிஸ் நியூலண்ட்ஸ். அவர் முயற்சியால் 1902இல் மத்திய அரசு மேற்குப் பாலைவனங்களில் பாசனத் திட்டங்களைக் கட்டும் சட்டம் வந்தது. முதல் திட்டங்களில் ஒன்று அவருடைய சொந்த மாநிலத்திலேயே. 1905இல் டர்பி என்ற இடத்தில் டிரக்கி ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி, தண்ணீரை ஃபாலன் ஊர்ப்பக்கம் கால்வாயில் திருப்பினார்கள். ஆறு போய்ச்சேரும் பிரமிட் ஏரி பையூட் மக்களுக்கென அரசு ஒதுக்கிய பகுதிக்குள் இருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்த அறுபது ஆண்டுகளில் பிரமிட் ஏரியின் மட்டம் சுமார் 80 அடி இறங்கியது. பக்கத்திலிருந்த வின்னமுக்கா ஏரி 1930களின் இறுதிக்குள் அடியோடு வற்றிவிட்டது. முன்னே சொன்ன செதுக்கல்கள் இன்று காய்ந்த தரையைப் பார்த்து நிற்கின்றன. ஆற்றின் வாயில் மணல்திட்டு உருவாகி, முட்டையிட மேலேறும் மீன்களை மறித்தது. பிரமிட் ஏரியின் புகழ்பெற்ற பெரிய டிரவுட் மீன் 1940களில் அந்த ஏரியிலிருந்தே மறைந்துபோனது.

பையூட் மக்கள் பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் போராடினார்கள். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தின் கீழ் குயி-உயி மீனுக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும் என்ற நிலையை உருவாக்கினார்கள். டிரவுட் கதையில் ஓர் அதிசயமும் நடந்தது. யாரோ எப்போதோ கொண்டுபோய் விட்டிருந்த அதே வகை மீன்கள், யூட்டா எல்லையிலுள்ள பைலட் சிகரத்தின் சின்ன ஓடை ஒன்றில் பிழைத்திருப்பது தெரியவந்தது. அவற்றின் வழித்தோன்றல்கள் பிரமிட் ஏரியில் மீண்டும் விடப்பட்டன. 2014இல் அவை டிரக்கி ஆற்றில் ஏறி முட்டையிடுவதைக் கண்டார்கள். நெவாடா வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இது.

அணையும் சூதாட்டமும்

லாஸ் வேகாஸ் இருக்கும் தென்முனை முதலில் நெவாடாவிலேயே இல்லை; 1860களின் பிற்பகுதியில்தான் அரிசோனா ஆட்சிப்பகுதியிலிருந்து பெயர்த்துச் சேர்க்கப்பட்டது. பாலைவனத்தின் நடுவே ஊற்றும் புல்வெளியும் இருந்த இடம் அது. அந்த ஊற்றுக்காகவே ரயில் நிறுவனம் அங்கே நிலையம் அமைத்து, 1905 மே 15 அன்று மனைகளை ஏலம்விட்டது. அதுதான் நகரத்தின் தொடக்கம். 1930இலும் அங்கே 5,000 பேர்தான். ஊற்று 1962இல் நின்றுபோனது.

1931இல் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த மாநிலம் வருமானம் தேடி, மார்ச் 19 அன்று சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அன்றே விவாகரத்துக்குத் தேவையான குடியிருப்புக் காலத்தை ஆறு வாரமாகக் குறைத்தது. மற்ற மாநிலங்களில் விவாகரத்து எளிதாகக் கிடைக்காத காலம். ரீனோ நகரத்து விடுதிகள் நிரம்பின. அதே ஆண்டு கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டத் தொடங்கினார்கள். உயரம் 221 மீட்டர். உச்சகட்டத்தில் 5,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அரசுக் கணக்கில் மட்டும் 96 பேர் உயிரிழந்தார்கள். தொழிலாளர்களுக்காகக் கட்டிய போல்டர் சிட்டியில் சூதாட்டம் இன்றுவரை கிடையாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலையோரம் பெரிய கேசினோ விடுதிகள் வரிசையாக எழுந்தன. 'ஸ்டிரிப்' என்று உலகம் அறிந்த அந்தச் சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகர வரியைத் தவிர்க்க நினைத்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. அந்த விடுதிகளின் மேடைகளில் கறுப்பினக் கலைஞர்கள் பாடலாம், அங்கேயே அறை எடுத்துத் தங்க முடியாது. 1955இல் திறந்த மூலான் ரூஜ் விடுதிதான் எல்லா இனத்தாரையும் விருந்தினராக ஏற்ற முதல் பெரிய கேசினோ. சில மாதங்களில் மூடப்பட்டாலும், 1960இல் கறுப்பினத் தலைவர்களும் விடுதிக்காரர்களும் பாகுபாட்டைக் கைவிட உடன்பட்டது அதே கட்டடத்தில்தான்.

நகரம் வளர்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் அமெரிக்கா அணுகுண்டுகளைச் சோதித்தது. முதல் குண்டு 1951 ஜனவரி 27. கடைசிச் சோதனை 1992. மொத்தம் 928 சோதனைகள், அவற்றில் 100 திறந்தவெளியில். ஆளில்லாத இடம் என்று சொல்லித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். அது ஷோஷோனி மக்கள் விற்காத நிலத்துக்குள் இருந்தது. காற்று கிழக்கே வீசியபோது கதிரியக்கத் துகள்கள் நெவாடா, யூட்டா கிராமங்களில் விழுந்தன. புற்றுநோய்க்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990இல்தான் வந்தது. 1987இல் நாட்டின் உயர் கதிரியக்க அணுக்கழிவைப் புதைக்கும் இடமாகப் பக்கத்திலுள்ள யூக்கா மலையை மட்டுமே ஆராய அமெரிக்க காங்கிரஸ் முடிவு செய்தபோது, நெவாடா ஒட்டுமொத்தமாக எதிர்த்தது. அந்தத் திட்டம் நிதியின்றி நின்றுவிட்டது. எதிர்த்தது சரி என்பதே என் எண்ணம். ஒருமுறை ஏமாந்தவர்களிடம் மறுபடி நம்பிக்கையைக் கேட்க முடியாது.

இப்போதைய தண்ணீர்க் கணக்கு

1922இல் ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்றைப் பங்கிட உடன்பட்டன. அதைத் தொடர்ந்து 1928இல் வந்த சட்டம் வகுத்த பங்கீட்டில் நெவாடாவுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி. கலிபோர்னியாவுக்குக் கிடைத்தது 44 லட்சம். தெற்கு நெவாடாவில் அப்போது ஆட்களே இல்லாததால் பேரம் பேசவும் யாரும் இல்லை. இன்று லாஸ் வேகாஸ் பகுதியின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் அந்தச் சிறு பங்கிலிருந்து வருகிறது.

இங்கே நெவாடா செய்திருக்கும் வேலையைப் பாராட்டத்தான் வேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்திய நீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திரும்புகிறது. திருப்பிவிட்ட அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உண்மையில் கைவிட்டுப் போவது வெளியே ஊற்றும் நீர்தான். அதனால் புல்தரையைப் பெயர்ப்பவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அலங்காரப் புல்லுக்கு ஆற்று நீரை விடுவதை 2026 முடிவோடு நிறுத்தும் சட்டத்தை 2021இல் இயற்றினார்கள். 2022 கோடையில் மீட் ஏரி, 1930களில் நிரம்பத் தொடங்கிய பிறகு காணாத தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. அப்போதும் நகரக் குழாய்கள் வற்றவில்லை. ஏரியின் அடிமட்டத்திலிருந்து உறிஞ்சும் சுரங்கவழியை 2015இலேயே முடித்திருந்தார்கள்.

வடக்கே சுரங்கத் தொழில் ஓயவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள்கள் அடங்கிய பாறைகள் 1960களில் கார்லின் பகுதியில் கண்டறியப்பட்டன. இப்போது அமெரிக்கா எடுக்கும் தங்கத்தில் பெரும்பங்கு நெவாடாவிலிருந்து வருகிறது. மின்வாகன பேட்டரிகளுக்கான லித்தியத்துக்காக, ஓரிகான் எல்லையை ஒட்டிய தாக்கர் கணவாயில் 2023இல் புதிய சுரங்க வேலை தொடங்கியது. அங்கே தங்கள் முன்னோர் படுகொலை செய்யப்பட்டார்கள் என்று சொல்லிப் பையூட், ஷோஷோனி சமூகத்தார் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றங்கள் வேலையை நிறுத்தவில்லை. சுற்றியுள்ள பண்ணைக்காரர்களின் கவலை நிலத்தடி நீரைப் பற்றியது.